வீல் ஆஃப் டைம்: 4-ம் புத்தகம் முடிந்தது; 7 முதல் 10 வரை தாவலாமா?

தாள்மடிப்பு:

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்ற ஆங்கில மாயாஜால நாவல் வரிசையில் நான்காவதான 'தி ஷேடோ ரைஸிங்' முடிந்தது. ருய்டியன் என்ற பாலைவன நகரத்தின் கண்ணாடித் தூண்களுக்குள் நாயகன் ராண்ட் போய்வரும் அந்த இரண்டு அத்தியாயத்துக்குப் பிறகு இந்த வரிசையைப் பாதியில் விட மனசில்லை. ஆனால் யாரிடம் விசாரித்தாலும் ஒரே பேச்சு: "7 முதல் 10 வரை ஒரே இழுவை, சுருக்கம் படித்துவிட்டு 11-க்குப் போய்விடு." 14 புத்தகத்தில் நாலைத் தாவினால் அது வாசிப்பா, பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைக் கோட்டை விடுவதா?

நிஜமாகவே தாவலாமா? தாவாமல் எப்படிக் கடப்பது? அடுத்தது பெயர்கள். ஐஸ் செடாய் என்ற மந்திரசக்திப் பெண்கள் மட்டுமே ஐம்பது பேர் வந்தாயிற்று, யார் எந்த அஜா (அவர்களுக்குள் உள்ள பிரிவு) என்பது இரண்டு நாள் இடைவெளி விட்டால் மறந்துபோகிறது. வரிசைக்கு முன்கதையான 'நியூ ஸ்பிரிங்' எப்போது படிக்க வேண்டும்? கடைசியாக, மீதியைத் தாளில் வாங்குவதா, கிண்டிலா, ஆடியோவா?

5-லிருந்து வருகிற கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

ஊடுநூல்:

தாவ வேண்டாம். வேகத்தை மாற்றினால் போதும்.

இந்த 'இழுவை' பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் ஆறு புத்தகமும் 1990 ஜனவரிக்கும் 1994-க்கும் நடுவில் வந்துவிட்டன. அப்புறம் 7-வது 1996, 8-வது 1998, 9-வது 2000, 10-வது 2003 என்று இடைவெளி நீண்டது. 8-ன் கடைசியில் ராண்டின் ஊர் நண்பன் பெர்ரின் கதையில் ஒரு முடிச்சு விழும். அது அவிழ்வது 11-ல், அதாவது 2005-ல். ஏழு வருஷம் அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் எரிச்சல்தான் இன்னும் இணையத்தில் சுற்றுகிறது. 8 முதல் 11 வரை மொத்தம் சுமார் 10.5 லட்சம் சொல். நிமிஷத்துக்கு 200 சொல், தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் மூன்று மாதத்தில் கடந்துவிடலாம்.

மீதிப் பாதி நிஜக் குறை, அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று புத்தகங்களில் யார் எங்கே சிதறினாலும் கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேருவார்கள். 4-ல் கதை மூன்றாகப் பிரிந்ததைப் பார்த்தீர்கள்: பாலைவனம், டூ ரிவர்ஸ், டான்சிக்கோ. அதற்குப் பிறகு அவை முழுசாக ஒன்றுசேரவே இல்லை, கிளையிலிருந்து கிளை விடுகின்றன. 8-க்கு வரும்போது ஐந்தாறு கிளை. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கொடுத்தால் எதுவுமே நகராத மாதிரித்தான் இருக்கும். சில சமயம் ஒரு ஆளையே காணோம்: 5-ல் பெர்ரின் தலைகாட்டுவதே இல்லை, 8-ல் இன்னொரு நண்பன் மாட் இல்லை. 'அவன் எங்கே?' என்று தேடிக்கொண்டே படித்தால் புத்தகம் கசக்கும். இல்லை என்று முன்கூட்டியே தெரிந்தால் அவ்வளவு உறுத்தாது.

இன்னொன்று காலக் கணக்கு. 14 புத்தகமும் சேர்ந்து கதைக்குள் ஓடும் காலம் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 9-ன் கடைசியில் ஒரு பெரிய காரியம் நடக்கும், என்ன என்று சொல்லவில்லை. 10-ஐத் திறந்தால் ஒவ்வொரு கிளையும் அந்த நாளுக்கு முன்னாலிருந்தோ அந்த நாளிலிருந்தோ மறுபடி தொடங்கும். தூரத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் 'அது என்ன?' என்று திகைப்பார்கள். நமக்கு விடை தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பாதிப் புத்தகம் வரைக்கும் தினசரிக் காலண்டரில் தாளே கிழிபடாது. 10-க்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான். மொழிநடை கெட்டுப்போய்விட்டது என்பதெல்லாம் சும்மா.

தாவினால் என்ன போகும்? ஜோர்டன் விதைத்துவிட்டு ஆயிரக்கணக்கான பக்கம் பொறுத்திருக்கிற ஆள். முதல் புத்தகம் 15-ம் அத்தியாயத்தில், பேர்லான் ஊரில், வருங்காலக் குறிகளைக் காணும் மின் என்ற பெண் ஒவ்வொருவர் தலையைச் சுற்றியும் என்னென்ன தெரிகிறது என்று ராண்டிடம் சொல்கிறாளே, அந்த ஒரே பக்கத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிலது நிறைவேறுவது 14-ம் புத்தகத்தில். இப்படிப்பட்ட கதை இழைகள் பல 7, 8, 9-க்குள் ஓடுகின்றன. அந்த இடத்தில் துணியை வெட்டினால் கடைசி நாலு புத்தகத்தில் பாவு இருக்கும், ஊடு இருக்காது.

பின்னட்டை:

ஊடுநூல் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் 'தாவ வேண்டாம்' என்று சொல்லிவிட்டு 10-ம் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஆள் அங்கேயே படுத்துவிடுவார். 10-க்கு மட்டும் தனி வழி வேண்டும். யாருடைய பகுதி என்று மட்டும் சொல்கிறேன், கதை உடையாது.

'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' 30 அத்தியாயம், முன்னால் ஒரு நீண்ட முன்னுரைப் பகுதி. அதில் 1 முதல் 3 வரை மாட், சாதாரண வேகத்தில் போகலாம். 5 முதல் 9 வரை பெர்ரின் கிளை, அவன் மனைவி ஃபைலும் இதற்குள் வருவாள். 10 முதல் 15 வரை ஆண்டோர் நாட்டு இளவரசி எலெய்ன்: அரசியல், பேரம், குளியல், தேநீர். இங்கேதான் நிறையப் பேர் புத்தகத்தை மூடுகிறார்கள். இந்த ஆறையும் வேகமாக ஓட்டுங்கள்: ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம் கவனமாக, நடுவில் வசனங்களை மட்டும். 16 முதல் 20 வரை ராண்டின் ஊர்ப்பெண் எக்வேனின் முகாம், பேச்சுவார்த்தை என்பதால் மெதுவாகத் தெரிந்தாலும் கடைசி அத்தியாயத்துக்கு அடித்தளம் இதுதான். ராண்ட் வருவது 24-ல். 26, 27 இரண்டும் பெர்ரின், விடவே கூடாது, வரிசையிலேயே மிக இருட்டான இடங்களில் ஒன்று. 28, 29 மாட், 30 எக்வேன். இந்த மூன்றும் கிடைத்த பிறகு 11-ஐத் திறக்காமல் இருக்க முடியாது.

7, 8-க்கு இந்த வைத்தியம் தேவையில்லை. 8-வது சுமார் 2.26 லட்சம் சொல், ஜோர்டன் எழுதிய முதன்மைப் புத்தகங்களில் அதுதான் சின்னது. நீங்கள் இப்போது முடித்த 4-வது சுமார் 3.9 லட்சம். அந்த மலையை ஏறியவருக்கு 8 ஒரு மேடு.

எலெய்ன் கிளை ஏன் சலிக்கிறது என்றால், அரியணைப் போட்டியில் எந்தக் குடும்பம் யார் பக்கம் என்ற கணக்கு 9, 10, 11 மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு ஆதரவு, எதிர்ப்பு என்று குடும்பப் பெயர்களை எழுதிக்கொண்டே போனால் அதே பகுதி தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரி ஓடும். எழுதாமல் படித்தால் வெறும் பெயர்ப் பட்டியல்.

அடிக்குறிப்பு:

பெயர்களுக்கு வருகிறேன். எல்லோரையும் நினைவில் வைக்க முயல்வதுதான் முதல் தப்பு. ஒரு ஐஸ் செடாயின் பெயர் மூன்று தனித்தனி அத்தியாயத்தில் வந்தால் மட்டும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே நாலு விஷயம்: அஜா, பிறந்த நாடு, எந்த அணி (4-ல் அவர்களுடைய தலைமையகமான வெள்ளைக் கோபுரம் பிளந்துவிட்டதால் இது அவசியம்), அவர் பேசும்போது யார் வாயடைத்துப் போகிறார்கள். நாலாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அவர்களுக்குள் மூப்பைவிடச் சக்தியின் பலம்தான் வரிசையை முடிவு செய்கிறது. யார் யாருக்கு வழிவிடுகிறார் என்று குறித்தால் பாதி அரசியல் புரிந்துவிடும். தலைமுடி நிறம், பாவாடைக் கரை, மார்புக்குக் கீழே கைகட்டி நிற்பது இதெல்லாம் எழுதத் தேவையில்லை, ஜோர்டனே நூறு தடவை ஞாபகப்படுத்துவார்.

அத்தியாயத் தலைப்புக்கு மேலே இருக்கும் சின்னப் படத்தைப் பாருங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. ஓநாய்த் தலை என்றால் பெர்ரின், பகடை என்றால் மாட், சிங்கம் என்றால் ஆண்டோர் அல்லது எலெய்ன், சுடர் என்றால் வெள்ளைக் கோபுரம். சில இடங்களில் யார் பார்வை என்பதற்குப் பதிலாக எதைப் பற்றியது என்பதைக் காட்டும். பல நாள் கழித்துப் புத்தகத்தை எடுக்கும்போது, அந்தக் கிளையின் கடைசிச் சின்னம் எங்கே வந்தது என்று பின்னால் புரட்டி, அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடருங்கள். சுருக்கம் தேட வேண்டியதே இல்லை.

சுருக்கம் தேடும்போதுதான் கதை உடையும். கூகுளில் ஒரு பெயரை அடித்தால் அவர் எப்படிச் செத்தார் என்பதையும் சேர்த்தே காட்டும். 2015-ல் வந்த 'கம்பேனியன்' அகராதியும் அப்படித்தான், அகர வரிசையில் எல்லோருடைய முழுக் கதையும் இருக்கும். 14 முடியும் வரை அதைத் தொடாதீர்கள். 'வாட் கம்பெண்டியம்' என்ற வாசகர் செயலியில் எத்தனையாவது புத்தகத்தில் இருக்கிறீர்கள் என்று குறித்துவிட்டால் அதுவரைக்குமான விவரம் மட்டும் தரும். அதைவிட எளிது ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் இருக்கும் சொல்லடைவு. உச்சரிப்பும் அங்கேயே உண்டு. நம் எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்தைவிடச் சுத்தமாகவே வரும்: நைனீவ், எக்வேன், ம்வாரேன், ஸ்வான் சாஞ்சே, கைரியென். பின்னட்டை 'ஃபைல்' என்று எழுதியிருக்கிறார், அது அலுவலகத்தில் இருப்பது. பெர்ரினின் மனைவி ஃபாஈல். 'ஐஸ் செடாய்' என்பதையும் 'ஐஸ் செடை' என்று சொல்லிப் பாருங்கள்.

சண்டைக் காட்சிகளில் எந்த மந்திர இழை எதோடு பின்னப்படுகிறது என்று கவனிக்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. நிலம், காற்று, நெருப்பு, நீர், ஆன்மா என்று ஐந்து. நம் ஐம்பூதத்தில் ஆகாயம் இருக்கிற இடத்தில் ஆன்மா, அவ்வளவுதான். பொதுவாக ஆண்களுக்கு நிலமும் நெருப்பும் கைவரும், பெண்களுக்கு நீரும் காற்றும். ஒருத்திக்கு நிலம் நன்றாக வருகிறது என்று ஜோர்டன் சொன்னால் அது சும்மா போட்ட வரியாக இருக்காது.

அலமாரி:

வாங்குகிற விஷயம். இந்தியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது லண்டன் ஆர்பிட் பதிப்பு, அமெரிக்க டோர் பதிப்பு அரிதாகத்தான் வரும். இரண்டையும் கலக்காதீர்கள், உயரமும் முதுகும் ஒத்துவராது. ஆர்பிட்டிலேயே அட்டை பல தடவை மாறியிருக்கிறது. 4 வரை எந்த அட்டை வைத்திருக்கிறீர்களோ அதே வரிசையில் மீதி பத்தும் கிடைக்குமா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

800, 1000 பக்கப் பேப்பர்பேக் நடுவில் பிளப்பதற்குக் காரணம் நேராக நடுப்பக்கத்தை விரிப்பதுதான். முதுகில் இருப்பது உருக்கி ஊற்றிய பசை, ஒரே இடத்தில் மடங்கினால் அங்கேயே வெடிக்கும். புதுப் புத்தகத்தை மேஜையில் முதுகு கீழே இருக்கும்படி நிறுத்தி, முன்னாலிருந்து 40, 50 பக்கம் சாய்த்து உள்மடிப்பில் விரலால் நீவுங்கள். பிறகு பின்னாலிருந்து அதே மாதிரி. மாற்றி மாற்றி நடுப்பக்கம் வரை வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, புத்தகம் இரண்டு வாசிப்பு தாங்கும்.

பழைய புத்தகம் வாங்கினால் மூன்றைப் பாருங்கள்: முன்னால் வரைபடம், பின்னால் சொல்லடைவு, நடுவில் பக்க எண். நடைபாதை நகல் அச்சில் வரைபடம் மங்கி மையாகக் கிடக்கும். ஒரு ஃபாரமே (சேர்த்து அச்சடித்து மடித்த தாள்கட்டு) விடுபட்டு 16 அல்லது 32 பக்கம் காணாமல் போவதும் உண்டு, கதையில் தாவல் இருந்தால் ஜோர்டனைத் திட்டாதீர்கள். இதைப் படிக்கிற புதியவர்களுக்கு ஒன்று: 2002-ல் முதல் புத்தகத்தையே இளையோருக்காக 'ஃப்ரம் தி டூ ரிவர்ஸ்', 'டு தி பிளைட்' என்று இரண்டாக வெட்டி விட்டார்கள். அதில் ஒன்று மட்டும் கையில் கிடைத்தால் அது பாதிக் கதை. 'ரேவன்ஸ்' என்ற கூடுதல் தொடக்கம் இருப்பதால் சேகரிப்பவர்கள் தேடுவார்கள், வாசிக்க அவசியமில்லை.

கிண்டிலில் எழுத்துப் பெரிதாகும், கை வலிக்காது. வரைபடம்தான் தபால்தலை அளவில் இருக்கும், அதைப் போனில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்வந்த புத்தகங்களின் முன்னுரைப் பகுதியை மட்டும் தனி மின்னூலாக விற்ற காலம் உண்டு. பழைய பட்டியலில் 'ஸ்னோ', 'கிளிம்மர்ஸ்' மாதிரி மலிவாக ஏதாவது கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள், அது முழுப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆடியோ: மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் தம்பதி முழு வரிசையும் படித்திருக்கிறார்கள். ஆண் பாத்திரத்தின் பார்வைக்கு அவர், பெண் பாத்திரத்துக்கு இவர். குரல் மாறினாலே கிளை மாறியது தெரியும். சில பெயர்களின் உச்சரிப்பு போகப் போக மாறும், திகைக்க வேண்டாம். முதல் புத்தகமே ஏறக்குறைய 30 மணி நேரம். இழுவைப் பகுதிக்கு ஆடியோ, வேகப் பகுதிக்குத் தாள் என்று கலப்பது நல்ல வழி. எலெய்ன் குளியல் காட்சிகளைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டுவிடலாம்.

'நியூ ஸ்பிரிங்' எப்போது என்பதில் என் ஓட்டு 10-க்கும் 11-க்கும் நடுவில். வெளியானதும் அந்த இடத்தில்தான், 2004. சுமார் 1.2 லட்சம் சொல், ஒரே கிளை, ஒரே ஓட்டம். 10-ன் களைப்புக்கு மருந்து.

பின்னட்டை:

ஃபாஈல், ஒத்துக்கொள்கிறேன்.

'நியூ ஸ்பிரிங்' விஷயத்தில் அலமாரியோடு ஒத்துப்போக முடியாது. 10-ன் கடைசி அத்தியாயம் கத்திமுனையில் நிறுத்திவிட்டுப் போகும். அங்கே கொண்டுபோய் இருபது வருஷம் முந்தைய கதையைச் செருகினால் யார் படிப்பார்? 7-க்குப் பிறகு வையுங்கள். 7-ல் அறிமுகமாகிற ஒரு கிழவி அதிலும் வந்து நிற்பார், அடையாளம் தெரிந்து படிக்கிற சுகமே தனி. முன்கூட்டியே படித்தால் அந்தச் சுகம் இல்லை. எதுவானாலும் முதல் புத்தகத்துக்கு முன்னால் மட்டும் வேண்டாம். ஐஸ் செடாயான ம்வாரேன் யார், நல்லவளா கெட்டவளா என்ற சந்தேகத்தில்தான் முதல் புத்தகம் பாதி ஓடுகிறது.

தாள்மடிப்பு:

எல்லோருக்கும் நன்றி. மின் சொன்னதை எழுதி எடுத்தாயிற்று, 10-க்கான அத்தியாயக் கணக்கு அட்டைக்குள் ஒட்டியாயிற்று. 7-க்குப் பிறகு 'நியூ ஸ்பிரிங்' என்று முடிவு. இன்னும் ஒரே சந்தேகம்: கடைசி மூன்றும் பிராண்டன் சாண்டர்சன் எழுதியவை அல்லவா, ஒட்டு தெரியுமா? அமேசான் தொடர் பார்த்தால் இடையில் உதவுமா?

ஊடுநூல்:

தொடரை உதவிக்குப் பார்க்காதீர்கள். மூன்று பருவத்தோடு 2025-ல் நிறுத்திவிட்டார்கள், சம்பவங்களின் வரிசையும் வேறு. இரண்டையும் கலந்தால் எது எங்கே நடந்தது என்று குழம்பும். 4-வரை படித்தவர் தனிப் படைப்பாகப் பார்க்கலாம், ருய்டியன் மூன்றாவது பருவத்தில் வருகிறது.

சாண்டர்சன்: ஒட்டு தெரியும். ஜோர்டன் 2007 செப்டம்பரில் இறந்தார். அவர் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் அந்த வருஷக் கடைசியிலேயே சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே புத்தகமாகத் திட்டமிட்டது 2009, 2010, 2013 என்று மூன்றாக வந்தது. குறிப்புகளும் எழுதிவைத்த காட்சிகளும் ஜோர்டனுடையவை, முடிவுக் காட்சி உட்பட. வாக்கியம் சின்னதாகும், அத்தியாயம் வேகமாக வெட்டும், ஆடை வர்ணனை குறையும். அதிகம் உறுத்துவது 12-ல் மாட். ஜோர்டனின் மாட் தன்னை அறியாமல் சிரிக்க வைப்பவன், 12-ல் வருபவன் சிரிக்க வைக்க முயல்பவன். 13-ல் சரியாகிவிடும்.

13-ல் ஒரு காலக் குழப்பம் உண்டு. 12-ல் ஓரிடத்தில் பார்த்த ஒருவர் 13-ல் வேறெங்கோ ஒன்றுமே நடக்காதது போல நிற்பார். அச்சுப் பிழை என்று நினைத்துப் பின்னால் புரட்ட வேண்டாம். 13-ல் பெர்ரின் பகுதிகள் பெரும்பாலும் 12-ன் கடைசிக்கு முந்திய நாட்கள், புத்தகம் போகப் போகத்தான் மற்றவர்களை எட்டிப் பிடிக்கும். 14-ல் 37-ம் அத்தியாயம் மட்டுமே சுமார் 79,000 சொல், உங்கள் வேகத்தில் ஆறரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு அதைத் தொடங்கினால் மறுநாள் வேலைக்கு லீவு சொல்ல வேண்டிவரும்.

5-ஐத் திறக்கும் முன் ஒரு வேலை. 4-ல் ராண்ட் தூண்களுக்குள் ஐயெல் என்ற பாலைவன மக்களின் முன்னோர் வாழ்க்கையைக் காணும் 25, 26 இரண்டு அத்தியாயத்தையும் மறுபடி எடுத்து, துண்டுகளைத் தலைகீழாகப் படியுங்கள்: சார்ன், கூமின், ஜோனாய், அடான், லெவின், ஜோர்டாம், ரோட்ரிக், கடைசியில் மாண்டைன். ராண்ட் நடக்கும்போது பின்னோக்கிப் போன காலம் இப்போது முன்னோக்கி ஓடும். முகத்தை ஏன் மூடினார்கள், வேட்டைக்கு உதவும் ஈட்டியை எடுத்தவர்கள் ஆளைக் கொல்ல மட்டுமே உதவும் வாளை ஏன் தொடவில்லை என்று ஒவ்வொரு வழக்கமும் பிறக்கிற இடம் வரிசையாகக் கண்ணில் படும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஐயெல் மக்கள் 5-ல் கூட்டமாக வருவார்கள்.